புண்பட்ட மனங்களுக்கு ஒரு பாமாலை

2018 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும், தமிழ்நாடு தன்மேல் இத்தனை பாசம் வைத்திருக்கிறது என்பது ஆண்டாளுக்கே தெரியாது. மார்கழி விடியலில் ஒலிபெருக்கிப் பாட்டு, கோலம் போடும் பெண்கள், போட்டிக்காக மனப்பாடம் செய்யும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தொன்னையில் வெண்பொங்கல் என்று அடக்க ஒடுக்கமாக ஓடிக்கொண்டிருந்த பக்தி அது. அதை ஒரே வாரத்தில் சந்திக்குச் சந்தி முழங்க வைத்த பெருமை, மனம் புண்படுவதையே முழுநேரத் தொண்டாக ஏற்றுக்கொண்ட பெருமக்களைச் சேரும். அவர்கள் இரண்டு அணியாக நிற்கிறார்கள். இந்தப் பாமாலை இரண்டு அணிக்கும் பொது. ஒருவருக்கு ஒரு பூ கூட, ஒருவருக்கு ஒரு பூ குறைய என்று ஆகிவிடாமல் கவனமாகத்தான் கட்டியிருக்கிறேன். குறைந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் அந்த ஜனவரியில் பார்த்துவிட்டோமே.

முதல் மரியாதை கவிஞருக்கு. தினமணி நாளிதழ் ராஜபாளையத்தில் ஏற்பாடு செய்த கூட்டத்தில் வைரமுத்து அன்று ‘தமிழை ஆண்டாள்’ என்ற கட்டுரையைப் படித்தார். மறுநாள் அது பத்திரிகையிலும் வந்தது. முழுதாகப் படித்தவர்களுக்குத் தெரியும், அது ஆண்டாளைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற கட்டுரை. அவள் தமிழைக் கொண்டாடுகிறது, துணிச்சலைக் கொண்டாடுகிறது, பெண்ணின் ஆசையைப் பெண்ணே சொன்னதைக் கொண்டாடுகிறது. கொண்டாடிக்கொண்டே போகையில் ஓரிடத்தில் கவிஞருக்கு ஒரு தயக்கம் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித் துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்டதாக ஊரே சொல்லும் ஒருத்தியைப் பற்றி ராஜபாளையத்தில் நின்று பேசுகிறோம்; அமெரிக்காவின் சிபாரிசு இல்லாமல் பேசலாமா? அவள் பாடியது திருப்பாவையில் 30, நாச்சியார் திருமொழியில் 143, ஆக 173 பாட்டு கைவசம் இருக்கிறது. ஆனால் அவை இந்த ஊர்ச் சரக்கு. எனவே அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தை மேடைக்கு அழைத்தார். ஆண்டாளைத் திருவரங்கம் கோயிலில் வாழ்ந்து மறைந்த தேவதாசி என்று சொல்லும் ஒரு வரி அந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வுநூலில் இருப்பதாகச் சொன்னார்.

நூல் இருக்கிறது. வரியும் இருக்கிறது. இண்டியானாதான் இல்லை. சுபாஷ் சந்திர மாலிக் தொகுத்து, சிம்லாவிலுள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனம் 1978இல் வெளியிட்ட, இந்தியாவில் எழுந்த எதிர்ப்பு இயக்கங்களைப் பற்றிய தொகுப்பு அது. வரிக்குச் சொந்தக்காரர்கள் எம்.ஜி.எஸ்.நாராயணன், கேசவன் வெளுத்தாட் என்ற இரண்டு கேரள வரலாற்றாசிரியர்கள். அவர்கள் எழுதியது தென்னிந்திய பக்தி இயக்கத்தைப் பற்றி. ஆண்டாளுக்கு அதில் கிடைத்தது ஒண்டுக்குடித்தனம். இண்டியானா பல்கலைக்கழகம் செய்த பாவம், அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதியைத் தன் நூலகத்தில் வாங்கி வைத்ததுதான். அந்தப் பிரதி கணினியில் ஏறியது, மேலே நூலகத்தின் பெயரும் சேர்ந்து ஏறியது. சிம்லா என்று சொன்னால் சபையோருக்கு ஆப்பிளும் தேனிலவும்தான் ஞாபகம் வரும். இண்டியானா என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். சபையறிந்து பேசுவது என்பது இதுதான். தமிழ்ப் பெருமிதத்தைப் பேசவந்த மேடையில் அந்தப் பெருமிதத்துக்கு அயல்நாட்டு முத்திரை ஒன்று தேவைப்பட்டதே, அந்தத் தன்னடக்கத்தை இதுவரை யாரும் பாராட்டவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

அடுத்து, பக்தி அணி. இவர்களின் வாசிப்புத் திறனுக்கு ஈடு இணை கிடையாது. பத்திரிகையில் பக்கம் நிறைய வந்த கட்டுரையை ஒரே வரியில் படித்து முடித்தவர்கள். மிச்சமிருந்த வரிகளில் ஆண்டாளை அந்த மனிதர் எவ்வளவு புகழ்ந்திருந்தால் என்ன, அது அவர் கடமை. கவிஞர் வருத்தம் தெரிவித்தார், போதாது என்றார்கள். பத்திரிகை வருத்தம் தெரிவித்தது, அதுவும் போதவில்லை. சன்னதியில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மணவாள மாமுனிகள் மடத்து ஜீயர் சடகோப ராமானுஜர் உண்ணாவிரதம் இருந்தார், முடித்தார், பிப்ரவரியில் மறுபடி இருந்தார், மறுபடி முடித்தார். நடுவில் ஒரு மேடையில், எங்களுக்கும் கல் எறியத் தெரியும், சோடா பாட்டில் வீசத் தெரியும் என்ற பொருளில் பேசி, துறவறத்துக்கும் குளிர்பான வணிகத்துக்கும் அதுவரை யாரும் கண்டறியாத ஒரு தொடர்பை உண்டாக்கிக் கொடுத்தார். பின்னர் அதற்காக அவரும் ஆண்டாளிடம் வருத்தம் தெரிவித்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாதத்தில் ஆண்டாள் வாங்கிய மன்னிப்புகளை வரிசையாக வைத்தால் திருப்பாவைக்கு இணையாக ஒரு பிரபந்தம் தேறும். தினமணி ஆசிரியர் வைத்தியநாதனும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேரில் போய்ச் சேவித்து, தன் பங்கைச் செலுத்திவிட்டு வந்தார்.

அவர்கள் வளர்த்த தமிழைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். பா.ஜ.க.வின் எச்.ராஜா தொடங்கிப் பலரும் கவிஞரை ஏசிய ஏச்சில் இருந்த சொல்வளம் பல்கலைக்கழக அகராதிகளுக்கு எட்டாதது. நித்யானந்தாவின் இளஞ்சீடர்கள், பிள்ளை முகம் மாறாத பெண்கள், காவி உடுத்தி உருத்திராக்கம் பூண்டு, கேமராவைப் பார்த்துப் பொழிந்தவற்றைக் கேட்டுவிட்டு ஜனவரிக் குளிரிலும் பலருக்கு வியர்த்தது. ஆண்டாள் நோன்பு நோற்கத் தொடங்கும்போது, திருப்பாவையின் இரண்டாவது பாட்டிலேயே, இன்னது செய்யமாட்டோம் என்று ஒரு பட்டியல் போடுகிறாள். பிறரைப் பற்றித் தீய சொல் கொண்டு திரியமாட்டோம் என்பது அதில் ஒன்று. அவளுடைய மானத்தைக் காக்க வந்தவர்கள் அவளுடைய நோன்பையும் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஒருவரால் எத்தனை வேலைதான் பார்க்க முடியும்?

அவர்களின் இன்னொரு சேவையையும் நான் மெச்சுகிறேன். நாச்சியார் திருமொழியை அவர்கள் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. வைணவக் கல்யாணங்களில் வாரணமாயிரம் பாடுவதோடு அந்த நூலை மரியாதையாக மூடி வைத்துவிடுவது நம் வழக்கம். மற்றப் பத்துகளை எடுத்து, பொருள் சொல்லி, மைக்கைப் பிடித்து ஒருவர் உரக்கப் படித்தாரானால் முதல் புகார் ஆண்டாள் பேரிலேயே பதிவாகியிருக்கும். உடம்பையும் ஆசையையும் அவ்வளவு வெளிச்சமாக வைத்துப் பாடியவள் அவள். அந்த இக்கட்டிலிருந்து அவளைக் காப்பாற்றினார்களே, அதற்காகவாவது நன்றி சொல்ல வேண்டாமா?

இனி முற்போக்கு அணி. இவர்களுக்கு ஆண்டாளோடு பூர்வ ஜென்மத்துச் சொந்தம் எதுவும் கிடையாது; ஜென்மமே கிடையாது என்பது கொள்கை. ஆனாலும் அன்று கருத்துச் சுதந்திரம் என்ற கொடியை எடுத்துக்கொண்டு முதலில் வந்து நின்றவர்கள் இவர்கள். கவிஞர் சொன்னது அவர் கருத்தல்ல, ஒரு மேற்கோள். மேற்கோளுக்காக வழக்குப் போடுவது அடாது என்றார்கள். சரியான பேச்சு. உயர் நீதிமன்றமும் விசாரணைக்குத் தடை போட்டது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில் அதே நீதிமன்றம் 2016 ஜூலையில் எழுத்தாளன் பக்கம் நின்றதை இவர்கள் நினைவூட்டினார்கள். அதுவும் சரி.

அந்தக் கொடியின் துணி எவ்வளவு தரமானது என்று காட்ட அடுத்த இரண்டே வாரத்தில் வாய்ப்பு வந்தது. ஜனவரி 23 அன்று சென்னையில் எச்.ராஜாவின் தந்தை தொகுத்த சமஸ்கிருத அகராதியின் வெளியீட்டு விழா. தமிழ்த்தாய் வாழ்த்து ஒலித்தபோது காஞ்சி மடத்து விஜயேந்திரர் உட்கார்ந்திருந்தார். நாட்டுப்பண்ணுக்கு எழுந்தார். தியானத்தில் இருந்தார் என்று மடம் விளக்கம் கொடுத்தது. மனம் புண்படுவது பிற்போக்கு என்று ஜனவரி 22 வரைக்கும் பாடம் நடத்தியவர்கள் 23ஆம் தேதி மாலையில் புண்பட்டார்கள். பேசுகிறவனுக்குச் சுதந்திரம் உண்டு, உட்காருகிறவனுக்கு இல்லை என்ற நுட்பமான வேறுபாட்டை உலகத்தில் எந்த அரசியல் சட்ட அறிஞரும் இவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்ததில்லை. எதிரணியும் சளைக்கவில்லை. புண்பட்ட மனத்துக்கு மதிப்புக் கொடுக்கச் சொல்லி இரண்டு வாரமாக ஊரைக் கூட்டியவர்கள், ஒரு பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை என்பதற்காக இப்படியா புண்படுவது என்று கேட்டார்கள். ஒரே மாதத்துக்குள், ஒரே மாநிலத்தில், இரண்டு அணியும் வசனத்தை மாற்றிக்கொண்டன. நாடகக்காரர்கள்கூட வேஷம் மாற்றத் திரைக்குப் பின்னால் போவார்கள். இவர்கள் மேடையிலேயே மாற்றினார்கள், பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவும் இல்லை.

இரண்டு அணியும் ஒற்றுமையாக ஒரு காரியம் செய்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன், பிற்காலத்துக்குப் பயன்படும். ஆண்டாளைத் தேவதாசி என்றது இழிவு என்று ஒரு தரப்பு கொதித்தது. இழிவாகச் சொல்லவில்லை என்று மறுதரப்பு சமாளித்தது. அந்தப் பெயரோடு வாழ்ந்து, 1947இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழிக்கும் வரைக்கும் கோயில்களில் பாடி ஆடிய குடும்பங்களின் வாரிசுகள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள், இந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. மார்கழி முழுக்க ஒலிபெருக்கியில் திருப்பாவை பாடி எத்தனையோ ஊர்களை எழுப்பிக்கொண்டிருப்பது எம்.எல்.வசந்தகுமாரியின் குரல். அவர் தாயார் லலிதாங்கி இசை வேளாளர் மரபில் வந்த பாடகி, வீணை தனம்மாளிடம் பாடம் கேட்டவர். அந்தக் குரலில் விழித்தெழுந்து, பல் தேய்த்து, காபி குடித்துவிட்டு, தேவதாசி என்ற சொல்லால் மனம் புண்பட்டதாக மனு எழுதப் போவதற்கு ஒரு தனி மனத்திடம் வேண்டும். அது பெருமக்களுக்கு இருந்தது.

கோயிலில் அந்த நாட்களிலும் சாயங்காலம் தவறாமல் கிளி கட்டினார்கள். ஆண்டாளின் இடக்கையில் இருக்குமே, அந்தக் கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, காக்காப்பொன்னில் கண். மணிக்கணக்கான கைவேலை, ஒரு நாளைக்குத்தான் அதன் ஆயுசு, மறுநாள் வேறு கிளி. அந்த ஜனவரியில் கோயில் வாசலுக்கு வந்த கேமராக்களில் எத்தனை அந்தப் பக்கம் திரும்பின என்று கேட்பது அநாகரிகம். கிளிக்கு யார்மேலும் கோபமில்லையே, அதை வைத்துக்கொண்டு இரவு எட்டு மணி விவாதத்தை எப்படி நடத்துவது?

புண்பட வாய்ப்பிருந்தும் இன்னும் இவர்கள் பார்வை படாத இடங்கள் இந்த வட்டாரத்திலேயே சில உண்டு. சேவை மனப்பான்மையோடு எடுத்துக் கொடுக்கிறேன். பதினோரு நிலையும் 192 அடியும் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தமிழக அரசின் சின்னம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சின்னம் வந்தது 1949இல். அந்த ஆண்டு மாகாணத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா, ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் சமூகம், தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்த காங்கிரஸ்காரர். ஆனால் சின்னத்தை வரைந்த ஓவியர் கிருஷ்ணராவ் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னார். பெருமாள் கோயில் கோபுரமா, அம்மன் கோயில் கோபுரமா? வைணவர் புண்பட வேண்டுமா, சைவர் புண்பட வேண்டுமா, கோபுரம் பொறித்த தாளில் கடவுள் மறுப்பாளருக்குச் சிலை வைக்க அரசாணை போட்ட பகுத்தறிவாளர் புண்பட வேண்டுமா? எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாக மூன்று தரப்பும் வாய்ப்பைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆண்டாள் கதையைப் பெருங்காவியமாக எழுதியது தமிழில் அல்ல, தெலுங்கில். கிருஷ்ணதேவராயர் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’. ஆண்டுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் சூடிக் கொடுத்த மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது, சித்திரையில் மதுரை அழகருக்கும் போகிறது. தமிழச்சி என்று ஒரு தரப்பும், இந்து தெய்வம் என்று மறுதரப்பும் வேலி போட்டுக்கொண்டிருக்கையில் அவள் பாட்டுக்கு மாநில எல்லை தாண்டி மாலை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இதிலும் ஏதாவது செய்ய முடியும்.

இவ்வளவு திறமை இருந்தும், பெருமக்களே, உலக அரங்கில் உங்களுக்குப் போட்டி இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. கேட்காமலே மேடையேற்றப்பட்ட அதே இண்டியானா பல்கலைக்கழகம் ஆறு ஆண்டு கழித்துத் தன் சொந்தத் தகுதியில் களத்தில் இறங்கியது.

பின்னணி இது. அமெரிக்கப் பழமைவாத எழுத்தாளர்கள் பல ஆண்டுகளாக ஒன்றைச் சொல்லிவந்தார்கள்: கல்லூரிப் பிள்ளைகள் ஒரு சொல்லைத் தாங்க மாட்டாத தொட்டாற்சிணுங்கிகளாகிவிட்டார்கள், நிறம், பால், இனம் என்று ஆளாளுக்கு ஓர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு யாருக்கு அதிகக் காயம் என்று போட்டி போடுகிறார்கள், பல்கலைக்கழகங்கள் அதற்குத் தாலாட்டுப் பாடுகின்றன. இதில் பெரும்பகுதி உண்மை. நேர்மையான இடதுசாரிகளும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு 2023 அக்டோபர் 7 வந்தது. ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். காஸாவின்மேல் இஸ்ரேல் தொடங்கிய போரில் மாண்டவர் தொகை பல பத்தாயிரம். அமெரிக்க வளாகங்களில் இஸ்ரேலுக்கு எதிரான முழக்கங்கள் எழுந்தன. சில இடங்களில் அவை யூதர்களுக்கே எதிரானவையாக வழுக்கின. யூத மாணவர்கள் சிலர் தலைக்குல்லா போட்டுக்கொண்டு வெளியே போக அஞ்சினார்கள். அந்த அச்சம் பொய்யல்ல.

இப்போதுதான் கலை உச்சத்தைத் தொட்டது. சொல் யாரையும் கொல்லாது என்று எழுதிக்கொண்டிருந்த பழமைவாதிகள், இந்தச் சொல் கொல்லும், உடனே தண்டிக்க வேண்டும் என்றார்கள். தப்பான சுட்டுப்பெயரைக்கூட வன்முறை என்று வகைப்படுத்திக் கொடுத்த முற்போக்காளர்கள், யூத மாணவர்களைப் பார்த்து, நீங்கள்தான் எதையும் பெரிதுபடுத்துகிறீர்கள் என்றார்கள். டிசம்பர் 5 அன்று ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்.ஐ.டி. பல்கலைக்கழகத் தலைவர்கள் மூன்று பேரை நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு, யூதர்களை இனப்படுகொலை செய்ய அழைப்பது உங்கள் விதிகளுக்கு முரணா என்று கேட்டது. சூழ்நிலையைப் பொறுத்தது என்று அவர்கள் சொன்ன பதிலை வக்கீல் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவு நேர்த்தி. பென்சில்வேனியா தலைவர் நாலே நாளில் பதவி விலகினார், ஹார்வர்ட் தலைவர் புத்தாண்டு பிறந்த மறுநாள் விலகினார்.

இண்டியானா இன்னும் ஒரு படி மேலே போனது. சாமியா ஹலபி என்ற பாலஸ்தீன வம்சாவளி ஓவியர், எருசலேமில் பிறந்தவர், எண்பது வயதைக் கடந்தவர்; அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்து அங்கேயே பாடமும் நடத்தியவர். 2024 பிப்ரவரியில் திறக்கவிருந்த அவருடைய ஓவியக் கண்காட்சியைப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. அவர் வரைவது பெரும்பாலும் வண்ணக் கட்டங்களும் கோடுகளும். ஒரு மஞ்சள் கட்டத்துக்குள் இத்தனை ஆபத்து ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஞானக்கண் வேண்டும். ஏப்ரலில் மாணவர்கள் டன் மெடோ என்ற புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். மாணவர்கள் கூடிப் பேசுவதற்கென்று 1969இலிருந்து விதி போட்டு ஒதுக்கி வைத்த இடம் அது. வியட்நாம் போரை அமெரிக்க மாணவர்கள் எதிர்த்துக்கொண்டிருந்த காலத்து விதி, அரை நூற்றாண்டு தாண்டி உழைத்த விதி. கூடாரம் எழுவதற்கு முந்திய நாள் அதைத் திருத்தினார்கள். மறுநாள் மாநிலப் போலீஸ் வந்தது; பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் குறிபார்த்துச் சுடுபவர் ஒருவரும் இருந்தார் என்று போலீசே ஒப்புக்கொண்டது. சில நாட்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். நம் ஆட்கள் சோடா பாட்டிலைப் பற்றிப் பேசியதோடு நின்றுவிட்டார்கள். வளர்ந்த நாடு வளர்ந்த நாடுதான்.

போருக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நம் பெருமக்கள் ஒதுங்கிவிடவில்லை. இங்கேயும் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு தரப்பு நீலநட்சத்திரக் கொடியையும் மறுதரப்பு பாலஸ்தீனக் கொடியையும் முகப்பில் ஏற்றின. யார் எந்தக் கொடி என்று கண்டுபிடிக்க அவர்களிடம் காஸாவைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. ஆண்டாள் விவகாரத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டால் போதும், பெரும்பாலும் விடை வந்துவிடும். கடத்திக்கொண்டு போகப்பட்ட கிழவியும் இடிபாட்டிலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளையும் இவர்கள் சண்டைக்கு ஆளுக்கொரு படம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ராஜபாளையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. ஊருக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல, காயத்துக்குக் கட்டுப்போடும் துணி. பாவு பிரிந்து பிரிந்து தெரிகிற மாதிரி இளக்கமாக நெய்து, வெளுத்து, காயவைத்து, வெட்டிச் சுருட்டி, உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். ஷிப்டுக்கு நிற்கிறவர்களில் பலர் பெண்கள். பஞ்சுத் தூசி முடியில் படிந்து, இளவயதிலேயே நரைத்த மாதிரி இருக்கும். அந்தத் துணியைச் சுற்றப்போகிற கால் யூதக் காலா அரபுக் காலா, அய்யர் காலா அருந்ததியர் காலா என்று தறிக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர்கள் புண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருந்தும் தொலைக்காட்சிக்கு ஏன் அழைக்கப்படுவதில்லை என்று யோசித்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரத்தம் வருகிற புண். ஏலத்தில் அது விலை போகாது.

கடைசியாக, உங்கள் கலையின் பொற்காலச் சாதனை. 2024 டிசம்பர் 15, மார்கழி பிறப்பதற்கு முந்திய நாள். இளையராஜா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். சன்னதியில் அர்த்த மண்டபத்து வாசல் வரைக்கும் போனவர் பின்னால் நகர்ந்து வெளியே நிற்பது போல ஒரு காட்சி வெளியானது. சில நொடி. அதற்குள் இரண்டு அணியும் தங்கள் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

இங்கே ஒரு முன்கதை இருக்கிறது. 2022 ஏப்ரலில் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு அவர் ஒரு முன்னுரை எழுதியபோது முற்போக்கு அணி அவரைச் சாதியையும் சரித்திரத்தையும் மறந்தவர் என்று தள்ளிவைத்தது. பக்தி அணி ஞானி என்று கொண்டாடியது, ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமனமும் வந்தது. ஆக, 2024 டிசம்பர் 14 வரைக்கும் அவர் பக்தி அணிக்குச் சொந்தம். 16ஆம் தேதி காலையில் முற்போக்கு அணி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது: அவருக்கே இந்த அவமானமா! பக்தி அணி மரியாதையாக விட்டுக்கொடுத்தது: ஆகமம் என்று ஒன்று இருக்கிறதே! திருவரங்கத்து ராஜகோபுரத்தில் ஒரு நிலை எழும்பப் பணம் கொடுத்த மனிதர் அவர். ஆழ்வார் பாசுரங்களுக்கு இசை அமைத்து, அதன் நாட்டிய நிகழ்ச்சிக்குத்தான் அன்று அந்த ஊருக்கே வந்திருந்தார். அந்த இசையைப் பற்றி ஒரு தரப்பும் வாய் திறக்கவில்லை. பிழையாகப் பேசிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதைதான்.

இளையராஜா ஒரு தவறு செய்தார். தன்னைப் பற்றி வருவது பொய்ச் செய்தி, தன் சுயமரியாதையைத் தான் எங்கும் விட்டுக்கொடுப்பவன் அல்ல, நம்பாதீர்கள் என்று தானே எழுதிவிட்டார். புண்பட்டதாகச் சொல்லப்படுகிறவரே எனக்குப் புண்ணில்லை என்று அறிவித்தால் தொழில் என்ன ஆவது? நல்லவேளை, இரண்டு அணியும் அவர் பேச்சைப் பொருட்படுத்தவில்லை.

ஜீயர்களும் அர்ச்சகர்களும் தவிர வேறு யாரும் அர்த்த மண்டபத்துக்குள் போகும் வழக்கமில்லை என்று அறநிலையத் துறை விளக்கியது. அப்படியானால் அர்ச்சகர் யார் ஆகலாம் என்பதுதான் அடுத்து வர வேண்டிய கேள்வி. 1970இல் சட்டம் வந்தது, வழக்கு வந்தது, 2006இல் அரசாணை வந்தது, மறுபடி வழக்கு வந்தது, 2015இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, 2021 ஆகஸ்ட் 14 அன்று பல சாதிகளைச் சேர்ந்த 24 பேருக்கு அர்ச்சகர் பணி ஆணை கிடைத்தது, அதன்பிறகும் வழக்கு. பயிற்சி முடித்து வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்களில் சிலருக்குத் தலை நரைத்துவிட்டது. அதைப் பேசுவதென்றால் தீர்ப்புகளைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும், ஆகமத்தில் உண்மையிலேயே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதைப் படித்த எதிரணிக்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இது உங்கள் தகுதிக்குக் குறைந்த வேலை. உங்களை இதில் இழுத்துவிட எனக்கு மனமில்லை.

ஒரு விண்ணப்பம் மட்டும். அடுத்த மார்கழிக்கு யார் பேச வருகிறார், எந்த வரியில் புண்படப் போகிறீர்கள் என்பதை ஒரு மாதம் முன்னால் தெரிவித்துவிட்டால் தேவலை. கூட்டம் வரும், வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள். ரதவீதிப் பால்கோவாக் கடைக்காரர்கள் பாலுக்கும் விறகுக்கும் சொல்லி வைக்க வேண்டாமா?